ஆர்தருக்கு வந்த நாற்காலி

"அந்த நாற்காலி என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னா வரக்கூடாது! தூக்கிட்டுப் போங்க!"

"மெதுவா பேசு நெட்டா. உள்ள பொணம் கெடக்குது."

"என் புருஷன் பொணம்தானே? நான் கத்துவேன்!"

டாம்ப்ளின் தெருவில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் சன்னல் திரையை இழுத்து மூடிவிடுவார்கள். மரியாதை. அன்று அந்த மரியாதையின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு கண் தெரிந்தது.

வாசற்படியில் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தபடி நின்றாள் பூக்கடை ஐவி. கம்பியால் சட்டம் கட்டி, ஈரப் பாசி அடைத்து, வெள்ளைச் சாமந்தியைக் குத்திக் குத்தி அவளே செய்தது. போனவர் இனி வந்து உட்காரமாட்டார் என்று சொல்லும் காலி நாற்காலி. கிழக்கு லண்டனில் இதைவிடப் பெரிய சாவு மரியாதை கிடையாது. அனுப்பியவர் மிஸ்டர் ஹாகெட். குதிரைப் பந்தயத் திடலும் பாதிக் கடைத்தெருவும் அவர் கைக்குள். நெட்டாவின் புருஷன் ஆர்தர் அவரிடம்தான் வேலை பார்த்தான். போன மாதம், "இனிமே உங்களுக்காக எவனையும் அடிக்கமாட்டேன்" என்று விலகினான். வியாழக்கிழமை காலையில் கால்வாயில் மிதந்தான். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று போலீஸ் சார்ஜென்ட் டாபிட் எழுதி முடித்துக்கொண்டார். ஆர்தர் குடிக்காதவன். கால்வாய்க்கு அது தெரியாது போலும்.

நெட்டாவை அத்தனை பேரும் சேர்ந்துதான் அடக்கி, நாற்காலியை உள்ளே வைத்தார்கள். "பெரிய மனுஷன் அனுப்பினத திருப்பக்கூடாது கண்ணு." சொன்ன வாய்களில் எல்லாம் கொழுப்பு மினுங்கியது. ஏனென்றால் நாற்காலியோடு ஒரு முழுப் பன்றித் தொடையும் வந்திருந்தது, வேகவைத்து, கிராம்பு குத்தி. போர் முடிந்து நாலு வருஷமாகியும் வாரத்துக்கு உள்ளங்கை அளவு கறிதான் ரேஷன். துக்கம் விசாரிக்க வந்த தெரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று மென்றது. சார்ஜென்ட்டுக்கு இரண்டாவது தட்டு. ஐவியும் ஒரு துண்டு தின்றிருந்தாள்.

அவளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அதையும் அவள் தெரியாத மாதிரி வைத்திருந்தாள்.

மிஸ்டர் ஹாகெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். தலையில் பூசிய எண்ணெய் வாசனை சாமந்தி வாசனையை அமுக்கியது.

"அழு கண்ணு, அழு. நானும் அழுதேன். வியாழக்கெழம சேதி வந்திச்சு. கைல இருந்த டீயக்கூட குடிக்கல. நேரா ஐவி கடைக்கு ஓடி, என் புள்ள மாதிரி இருந்தவனுக்கு நாற்காலி கட்டுன்னு சொன்னேன். சொல்லு ஐவி."

நாற்பது தாடைகள் ஐவி பக்கம் திரும்பின. ஆமாம் என்று ஒரு சொல் போதும். கடை பிழைக்கும், கண்ணாடி உடையாது. நெட்டா மட்டும் மெல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஐவிக்கு வாயில் கிராம்பு கசந்தது.

"செவ்வாக்கெழம," என்றாள்.

"என்னது?"

"நீங்க வந்தது செவ்வாக்கெழம காலைல, மிஸ்டர் ஹாகெட். நாட்டுப்புறத்துல சித்தப்பா ஒருத்தர் இழுத்துக்கிட்டிருக்காருன்னு சொன்னீங்க. வியாழக்கெழம வந்து, சித்தப்பா பொழச்சிட்டாரு, ஆர்தர் பேர எழுதிடுன்னீங்க."

"உனக்கு நாள் கொழம்பிடுச்சும்மா."

"கொழம்பல. புதன்கெழம சாயங்காலம் நான் பாசி அடைச்சிட்டிருந்தேன். ஆர்தர் கடை வாசல்ல நின்னான். 'அழகா இருக்கே ஐவி, யாருக்கு?'ன்னு கேட்டான். யாரோ கெழவனுக்குன்னு சொன்னேன். 'குடுத்து வெச்சவன்'ன்னு சிரிச்சிட்டுப் போனான்."

மெல்லும் சத்தம் நின்றது. எங்கோ ஒரு முள்கரண்டி விழுந்தது. சார்ஜென்ட் டாபிட் தட்டைச் சவப்பெட்டி மேலேயே வைக்கப்போனார். நெட்டா அவர் கையிலிருந்து பிடுங்கி, கறியோடு சேர்த்து ஹாகெட்டின் பளபளக்கும் காலணியின் மேல் வீசினாள்.

நாற்பது பேர் கேட்டதைக் கேட்கவில்லை என்று டாபிட்டாலும் எழுத முடியவில்லை. ஹாகெட்டின் கார் டிரைவர், ஸ்டேஷனில் முதல் கோப்பை டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். அடுத்த வசந்தத்தில் ஹாகெட்டைத் தூக்கில் போட்டுச் சிறைச் சுவருக்குள்ளேயே புதைத்தார்கள். அங்கே பூ அனுப்ப வழியில்லை.

அந்தக் கறியை யாரும் தொடவில்லை என்றுதான் டாம்ப்ளின் தெரு இன்றுவரை சொல்கிறது. எலும்பைக்கூட யாரோ சூப்புக்குக் கொண்டுபோனது வேறு கதை. ஆனால் காட்டிக்கொடுத்தவள் கட்டிய பூ ஆகாது என்று ஐவி கடைப்பக்கம் ஒருவரும் போகவில்லை. அவள் மார்கேட் என்ற கடற்கரை ஊருக்குக் குடிபோய், தின்ன அவித்த கடல் நத்தை விற்கிறாள். டாபிட் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார். நெட்டா மூன்று வருஷம் கழித்து குரோய்டனில் ஒரு பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பூங்கொத்து மார்கேட்டிலிருந்து வந்ததாம். விருந்தில் கறி வைக்கவில்லையாம்.