எத்திராஜ் பெயர் எழுதிய டப்பா

மரகதத்தின் முதல் கவலை விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடும். இன்றைக்கு என்ன குழம்பு?

ஜீவனஹள்ளியில் அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. தள்ளுவண்டி நாகேஷிடம், "நூல்கோல் வாங்கிட்டுப் போறவங்க அதை என்னதான் பண்றாங்க?" என்று கேட்பாள். மசாலாப் பாக்கெட் காலியானதும் அதன் முதுகைப் படிப்பாள். போனில் யாரோ ஒருத்தி வளையல் குலுங்க வதக்கிக் காட்டுவதை மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பாள். எத்திராஜுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த இந்தப் பதினொரு மாதத்தில், ஒரே வாரத்தில் ஒரே குழம்பு இரண்டு முறை வந்ததில்லை.

இவ்வளவு பாடும் ஒரு டப்பாவுக்காக. மூடியில் நெயில் பாலிஷால் ‘எத்திராஜ்’ என்று எழுதிய டப்பா. லேத் ஓட்டும் அவள் புருஷன் காலையில் எடுத்துப் போவான், சாயங்காலம் காலியாகக் கொண்டுவருவான். "என்ன செய்யட்டும்?" என்றால் "ஏதாவது செய்." "எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு." இந்த இரண்டு பதிலை வைத்தே மகராசன் குடும்பம் நடத்திவிட்டான். அவளுக்கு வேண்டியது மூன்றாவதாக ஒரு வார்த்தை. புளி தூக்கல் என்றோ, நேற்றையது தேவலை என்றோ. திட்டினாலும் சரிதான். அது வராத எரிச்சலில்தான் மறுநாளுக்கு இன்னொரு குழம்பைத் தேடினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேர்க்கடலை அரைத்துவிட்ட கத்திரிக்காய்க் குழம்பு. அடுப்பில் குழம்பு, கையில் போன். எத்திராஜ் டப்பாவோடு போய்ப் பல மணி நேரம் கழித்துத்தான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் திடுக்கென்றது. உப்பே போடவில்லை.

அப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்தால் மெஷினில் நிற்கிறவன் எடுக்க மாட்டான். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, வெளியே சொல்லக் கூசும் ஓர் ஆசையும் இருந்தது: இன்றைக்காவது ஏதாவது சொல்லுவான்.

ஐந்தரைக்கு வந்தான். டப்பா காலி.

"எப்படி இருந்துச்சு?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்லா இருந்துச்சு" என்றான்.

மரகதம் உள்ளே போய், மிச்சக் குழம்பை ஒரு கரண்டி கொண்டுவந்து நீட்டினாள். எத்திராஜ் நக்கிப் பார்த்தான். முகம் கோணியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். பதினொரு மாத ‘நல்லா இருந்துச்சு’ம் அதோடு சேர்ந்து போனது.

"யாரு தின்னது?"

"கோவிந்தப்பா. பக்கத்து மெஷின். அவங்க வீட்டுல தினமும் களியும் கீரைச்சாறும்தான். நின்னுக்கிட்டே பார்க்கிற வேலைக்கு எனக்கு அதுதான் தாங்குது. அவருக்கு அது சலிச்சுப் போச்சு. மாத்திக்கிட்டோம்."

"எப்பலேருந்து?"

"சேர்ந்த மறுவாரத்துலேருந்து."

"என்கிட்ட சொன்னா நான் களி கிண்ட மாட்டேனா?"

"நீ புதுசு புதுசா ஆசையா செய்யற. சொல்ல மனசு வரலை."

மரகதத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்த ஆளுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

"நமஸ்காரா அக்கா!" என்றார் கோவிந்தப்பா. கன்னடம் கலந்த தமிழ். "நானே கேக்கணும்னு இருந்தேன். இன்னிக்கு உப்பு இல்ல. பரவால்ல, ஊறுகாய் வெச்சு சாப்பிட்டேன். ஆனா நீங்க உப்பு மறக்கிற ஆள் இல்லையே. உடம்பு ஹுஷார் இல்லையா?"

அவள் போனை எத்திராஜ் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோவிந்தப்பா விடவில்லை.

"போன வாரம் அந்தப் பீர்க்கங்காய்த் தோல் துவையல் இருந்துச்சே, ஃபர்ஸ்ட் கிளாஸ். நூல்கோல்ல மட்டும் புளி கொஞ்சம் ஜாஸ்தி. தப்பா நினைக்காதீங்க."

மரகதம் தப்பாக நினைக்கவில்லை. பதினொரு மாதமாகக் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது, வேறு வாயிலிருந்து. எத்திராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவள் போனைத் தொடவில்லை. பீர்க்கங்காய்த் தோலை வதக்கித் துவையல் அரைத்தாள். நூல்கோல் குழம்புக்குப் பாதிப் புளிதான் கரைத்தாள். உப்பை இரண்டு முறை பார்த்தாள். அப்புறம் பிளேடால் மூடியைச் சுரண்டி, நெயில் பாலிஷை எடுத்துப் பொறுமையாக எழுதினாள்: கோவிந்தப்பா.

எத்திராஜ் அதை வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான்.

"அப்போ எனக்கு?"

மரகதம் டப்பாவை அவன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஏதாவது."