பதினேழாம் எண் அறையில் அப்பாவின் மூச்சு

என் அப்பாவின் கடைசி மூச்சுக்கு மாத வாடகை நூற்றி நாற்பது ரூபாய். ஜிஎஸ்டி உட்பட.

பதினோரு வருடமாக அது தவசிமுத்து அண்ணாச்சியின் சாமான் காப்பகத்தில் பதினேழாம் எண் அறையில் இருக்கிறது. அப்பா வீட்டில் இருக்கிறார். வாயைத் திறந்தபடி கட்டிலில் படுத்திருக்கிறார். கடைசி மூச்சு இல்லாமல் யாரும் சாவை முடிக்க முடியாது.

அப்போது தங்கச்சி கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. வீட்டில் சாவு, துட்டி விழுந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும். பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. "மூச்சைக் கொஞ்ச நாள் காப்பகத்துல வச்சிருப்போம்" என்றாள் அம்மா. கல்யாணம் முடிந்தது. பிறகு வளைகாப்பு. பிறகு புதுக்கடைத் திறப்பு. நல்ல காரியம் ஓயவே இல்லை.

போன வாரம் அப்பா கண்ணாலேயே போதும் என்றார்.

"போய் எடுத்துட்டு வா. முழுசா" என்றாள் அம்மா.

அண்ணாச்சி நாற்பத்தாறு வருடத்துக்கு முன் ஒரே ஓர் அறையோடு தொழில் தொடங்கியவர். அந்த ஒன்றாம் எண் அறையில் இப்போது அவருடைய இடுப்புக்குக் கீழே உள்ள பகுதி இருக்கிறது.

"உக்காந்து பாக்குற தொழிலுக்குக் காலு எதுக்கு தம்பி?" என்றார்.

"அதுக்கும் வாடகை உண்டா அண்ணாச்சி?"

"பெறவு? எனக்கு நானே சலுகை குடுத்தா ஊர்ல எல்லாவனும் கேப்பான்."

பேரேட்டைப் புரட்டினார். இருபத்திரண்டு மாதம் பாக்கி. மூவாயிரத்து எண்பது. பாக்கி ஏற ஏற அங்கே அறைக்குப் போகும் நடை நீளும். எட்டிப் பார்த்தேன். பதினேழாம் எண் கண்ணுக்குத் தெரியவில்லை. பாதி வழியில் ஒருவன் டீக்கடை போட்டிருந்தான்.

மூவாயிரத்து எண்பது என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் நாங்கள் மூன்று தலைமுறையாகப் பருப்பு வியாபாரம். கேட்ட விலையைக் கொடுப்பது எங்கள் வீட்டில் ஒரு வியாதி.

"பாத்துப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி."

"யோசிச்சுச் சொல்லுங்க. குறைச்சா குறைச்சதுதான்."

"பாதி."

அவர் பேரேட்டை மூடினார்.

"உங்க அப்பாவும் இப்படித்தான்" என்றார். "சரி, பாதி."

நடை சுருங்கியது. டீக்கடைக்காரன் கையில் பிடித்த கிளாசோடு மறைந்தான். பதினேழாம் எண் பக்கத்திலேயே வந்து நின்றது. உள்ளே சீல் வைத்த எண்ணெய் டின். தூக்கினேன். லேசாக இருந்தது.

"அண்ணாச்சி, இது குறையுதே?"

"நீங்கதான குறைச்சிய?"

"முழு ரூவாயும் இந்தா தாரேன்."

"பேசி முடிச்ச விலையை ஏத்துற பழக்கம் நம்ம தொழில்ல கிடையாது தம்பி. பேர் கெட்டுப்போகும்."

ரசீது கொடுத்தார்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "எவ்வளவு குறைச்சான்?"

"பாதி."

ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. பிறகு டின்னை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

அப்பாவின் வாயில் சரித்தோம். ஒரு கண் மூடியது. இன்னொரு கண் என்னையே பார்த்தது. டின்னைக் கவிழ்த்துத் தட்டினோம். ஒன்றும் வரவில்லை.

"பேசுனவன்தான் குடுக்கணும்" என்றாள் அம்மா.

குனிந்து ஊதினேன். வலிக்கவில்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. அடுத்த கண்ணும் மூடியது. தங்கச்சிக்குத் துட்டி சொல்லப் போன் எடுத்தேன். "அப்பா" என்பதற்கு மேல் வரவில்லை. போனை அம்மா வாங்கிக்கொண்டாள்.

பாடை கட்டுவதற்குள் அம்மா செலவு நோட்டை எடுத்தாள்.

அப்பா பக்கம்: காப்பகத்திலிருந்து வரவு, மூச்சு அரை. மூத்தவனிடம் வரவு, அரை. செலவு ஒன்று. கணக்கு நேர்.

தாளைத் திருப்பி என் பெயரைப் போட்டாள். போகும்போது தேவை ஒன்று. கையிருப்பு அரை. குறைவு அரை.