பேர்ள் அன்ரியின் சட்டத்தில் இருந்த படம்

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கமாக இருக்கும். 2007 ஜூனில், சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நான் ஏறிய ரயில் பெண்டில் ஹில்லுக்கு முன்னால் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றது. எதிர் இருக்கையில் கத்தரின் இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் எக்ஸ்ரே எடுப்பவள், நான் மருந்தாளர். நான் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன், அவள் மன்னார்க்காரி. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் சொன்னதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள்.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

"கத்தரினுக்குப் படம் எடுப்பது மூச்சு விடுவதைப் போல…" (அடித்துவிட்டேன். படம் எடுக்காதபோதும் அவள் நன்றாகவே மூச்சு விடுகிறாள்.)

"தொழில்நுட்பம் மனிதனை…" (இது கட்டுரை. மலர்க் குழு கைதட்டும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்.)

"கத்தரினின் இணையத்தளம் மாதாமாதம் இருபதாம் தேதி வாக்கில் செத்துப் போகும்." இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

2.

கத்தரினின் இணையத்தளம் மாதாமாதம் இருபதாம் தேதி வாக்கில் செத்துப் போகும். அடுத்த முதலாம் தேதி உயிர்த்தெழும். மாதம் இவ்வளவு பார்வைதான் என்று அளந்து இடம் வாடகைக்கு விட்ட கம்பெனி, அளவு தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடும். அதில் இருந்த, அவள் பொழுதுபோக்காக எடுத்த படங்கள் ஒன்றும் உலக அதிசயம் அல்ல. மாதாவின் ஆவணித் திருநாள், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மை, கல்யாணம், பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. டொராண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிற அவளுடைய ஊர்க்காரர்கள், யார் கொழுத்துவிட்டார்கள், யார் யாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத் திறப்பார்கள். இதைப் பார்க்கவா இத்தனை ஆயிரம் பேர் என்று அவளுக்கே விளங்கவில்லை.

யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற பதிவை ஒரு நாள் பொறுமையாகப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பார்க்கிறவர்கள் அவள் வீட்டுக்கு வரவேயில்லை. செய்தி, சினிமா, ராசிபலன், மரண அறிவித்தல் எல்லாம் போடுகிற பெரிய தளம் ஒன்று அவள் படங்களைத் தன் பக்கங்களில் காட்டிக்கொண்டிருந்தது. படத்தை எடுத்துத் தன்னிடம் வைத்திருந்தாலாவது ஒரு களவோடு முடிந்திருக்கும். அதற்கும் சோம்பல். படம் இருக்கிற முகவரியை மட்டும் எழுதிவைத்திருந்தது. அந்தப் பக்கத்தை யார் திறந்தாலும் படம் ஒவ்வொரு முறையும் கத்தரினிடமிருந்தே போகும், அவளுடைய அளவிலிருந்தே கழியும்.

(இன்னும் புரியாதவர்களுக்கு: புதனும் ஞாயிறும் மட்டும்தான் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கலாம் என்று சிட்னியில் சட்டம் இருக்கிற இந்த வறட்சியில், பக்கத்து வீட்டுக் குழாயில் உங்கள் ஹோஸைப் பூட்டி உங்கள் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறீர்கள். அவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. உங்கள் புல்லின் பச்சையை ஊரே பாராட்டுகிறது.)

ஒவ்வொரு படத்தின் கீழும் "எமது புகைப்படப்பிடிப்பாளர்" என்று போட்டிருந்தது. மற்றதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்த "எமது"தான் அவளைக் கொதிக்க வைத்தது.

3.

தளக்காரருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினாள். மூன்றாவதற்குப் பதில் வந்தது: "உங்கள் படங்கள் எங்கள் மூலம் உலகெங்கும் போய்ச் சேர்வதில் மகிழ்ச்சி. மேலும் படங்கள் இருந்தால் ஏற்றவும்."

அந்தப் பக்கங்களில், படத்துக்குக் கீழே, மெரிலேண்ட்ஸ் வரதராஜா ஸ்டோர்ஸின் விளம்பரம் மினுங்கியது. சனிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடமே கேட்டாள்.

"வரதராஜா அண்ணை, அந்த வெப்சைட்டுக்கு நீங்கள்தானே காசு குடுக்கிறீங்கள்?"

"ஓம் பிள்ளை. நல்லாப் போகுது. போன மாதம் ரெண்டு பெட்டி அறக்குளா கூடுதலா வித்தனான்."

"அதிலை கிடக்கிற படமெல்லாம் என்ரை. கேக்காமல் எடுக்கினம்."

"அதை அவையளிட்டையெல்லோ கேக்கோணும். நான் விளம்பரம் மட்டும்தான் குடுக்கிறனான். மேலை ஆரின்ரை படம் போடுகினம் எண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

"இப்ப தெரியுந்தானே?"

வரதராஜா கத்தியைக் கையில் எடுத்து மீனைப் பார்த்தார். "துண்டு பெரிசாப் போடட்டோ, சின்னனாப் போடட்டோ?"

பெரிதாகப் போடச் சொன்னாள். அவள் கொடுக்கிற காசில் கொஞ்சம் விளம்பரமாகித் தளத்துக்குப் போகும், தளம் அவள் படத்தைக் காட்டும், அவள் தளம் இருபதாம் தேதி சாகும். எல்லாம் தெரிந்துதான் பையை வாங்கிக்கொண்டாள். அந்த அறக்குளா மீன் சிட்னியில் வேறெங்கும் கிடைக்காது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வரதராஜாவைக் கொஞ்சம் கல்நெஞ்சராகக் காட்டுகிறேனோ? உண்மையில் தங்கமான மனிதர். இந்த மலரின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். பன்னிரண்டு வருடமாக அவர்தான்.)

4.

இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தான். இரண்டே வரி. அந்தத் தளத்துக்காக யார் படம் கேட்டாலும், கேட்ட படத்தைக் கொடுக்காமல் நீ விரும்பிய வேறொரு படத்தைக் கொடு என்று தன் தளத்துக்கு உத்தரவு போடலாம். கத்தரின் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஒரு படம் செய்தாள்:

"இந்தப் படம் களவெடுத்தது. களவுக்கு உடந்தையானவர் கீழே."

மறுநாள் அந்தத் தளத்தைத் திறந்தாள். ராசிபலனுக்கு மேலே களவெடுத்தது. "உங்கள் வாழ்க்கைத் துணையைத் தேடுங்கள்" என்ற இடத்தில் சிரித்துக்கொண்டிருந்த மணப்பெண்ணுக்குப் பதிலாகக் களவெடுத்தது. எல்லாவற்றுக்கும் கீழே வரதராஜா ஸ்டோர்ஸ். கத்தரின் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். தளக்காரர்களுக்குத் தெரியவே இல்லை. அவர்களுடைய கணினிகளில் பழைய படங்கள் ஏற்கெனவே சேமிப்பில் இருந்ததால், அவர்களுக்கு மட்டும் மணப்பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று நாள் இந்த ஆனந்தம். நான்காம் நாள் பேர்ள் அன்ரி இறந்தார்.

5.

பேர்ள் அன்ரியை முன்பே அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். (நல்ல எழுத்தாளன் இரண்டாம் பகுதியிலேயே செய்திருப்பான்.) எழுபத்தெட்டு வயது, மெரிலேண்ட்ஸ். போன திருநாளில், வாய் நிறையப் புரியாணியோடு அவர் சிரித்ததைக் கத்தரின் எடுத்தாள். கமராவில் பார்த்துவிட்டு அன்ரி சொன்னார்: "பிள்ளை, நான் செத்தால் இந்தப் படத்தைத்தான் போடோணும். பாஸ்போட் படத்தைப் போட்டியளெண்டால் எழும்பி வருவன்."

அதை மகள் ரஞ்சினி மறக்கவில்லை. அதே தளத்துக்கு மரண அறிவித்தல் கொடுத்தபோது அந்தப் படத்தைத்தான் போடச் சொன்னாள். தளக்காரரும் வழக்கம்போல முகவரியை எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆக, இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே, கறுப்புக் கரை போட்ட சட்டத்துக்குள், அன்ரியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்து: களவுக்கு உடந்தையானவர் கீழே. கீழே, வழக்கப்படி, "தகவல்: மகள் ரஞ்சினி."

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி வந்தது.

"கத்தரின் அக்கா, அம்மான்ரை இடத்திலை என்னத்தைப் போட்டு வைச்சிருக்கிறியள்?"

"ஐயோ ரஞ்சினி, அது அம்மாவுக்கில்லை…"

"பாரிஸிலையிருந்து மாமா போன் எடுத்துக் கேக்கிறார், அம்மா என்னத்தைக் களவெடுத்தவ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

வேலை முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. வெளியே கை முறிந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். அசையாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் கத்தரின் அந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டினாள். கேட்டிருந்தால் அவள் மனமாரக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே படம் அன்ரியுடையது.

வீட்டுக்கு ஓடினாள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வழி இருந்திருக்கும். புண்ணியவான் அதைச் சொல்லவில்லை. இரண்டு வரியையும் அழித்தாள். அன்ரி சட்டத்துக்குள் வந்து சிரித்தார். மணப்பெண்ணும் வந்தாள். "எமது புகைப்படப்பிடிப்பாளர்" திரும்பவும் வேலையில் சேர்ந்தார். உலகமே அறிவித்தலைத் திறந்ததில் பதினோராம் தேதியே அளவு தீரப் பார்த்தது. தீர்ந்தால் அன்ரி மறைந்துவிடுவார். இறந்தவருக்கு வைக்கும் முப்பத்தோராம் நாள் பூசை வரையாவது இருக்கட்டும் என்று கத்தரின் தன் காசில் கூடுதல் அளவு வாங்கினாள். கள்ளனுக்குக் குழாயைப் பெரிதாக்கிக் கொடுத்தவள் சிட்னியில் அவள் ஒருத்திதான்.

ரயிலில் இதைச் சொல்லும்போது கத்தரின் அழுதாள். நான் டிஷ்யூ கொடுத்தேன். ரயில் புறப்பட்டது.

6.

முடிவுகள்:

அ) அறிவித்தலைப் பார்த்து மனம் வெந்த வரதராஜா விளம்பரத்தை நிறுத்துகிறார். (இதைப் படித்தால் வரதராஜாவுக்கு மிகவும் பிடிக்கும். அதுதான் இதிலுள்ள கோளாறு.)

ஆ) தளக்காரர் மன்னிப்புக் கேட்டு… (சிரிக்காதீர்கள்.)

இ) கத்தரின் வேறு கடையில் மீன் வாங்கத் தொடங்கி, முதல் நாளே அது ருசிக்காமல்…

7.

ஆகஸ்டில், திருநாள் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டு நேரம், எழுதியதைக் கத்தரினிடம் கொடுத்தேன். படிக்கத்தான், அனுமதி கேட்பதற்கு அல்ல. நின்றபடியே வாசித்து முடித்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. பேர்ள் அன்ரியிட்டையும் காட்டட்டோ?"

"யார்கிட்ட?"

கையைக் காட்டினாள். மூன்றாவது மேசையில் ஒரு வயதான பெண்மணி, வாய் நிறையப் புரியாணியோடு, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க இறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே!"

"சொன்னனான். போன வருசம் மலரிலை ஒரு நேர்ஸின்ரை கதை எழுதினனீங்கள். அது என்ரை அக்கா. லிஃப்டிலை உங்களோடை மனம் விட்டுக் கதைச்சவ. அவவிட்டைக் கேட்டுப்போட்டே எழுதினனீங்கள்? அதுதான் இந்தமுறை படத்தை மாத்தி விட்டனான்."

"அப்ப எல்லாமே பொய்யா?"

"களவு உண்மை. நான் மாத்தினது உண்மை. அறிவித்தலிலை அப்பிடி வந்ததும் உண்மை. ரஞ்சினி எண்டு ஒருத்தியும் இல்லை. செத்தது ஆர் எண்டு மட்டும் உங்களுக்குச் சொல்லமாட்டன். அந்த முகத்துக்குக் கீழை இன்னொருக்கா விளம்பரம் வரக்கூடாது."

கமராவைத் தூக்கிக்கொண்டு பேர்ள் அன்ரியின் மேசைக்குப் போய்விட்டாள். அன்ரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள் போலும். அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, என்ரை பேரைப் போடு, பிரச்சினையில்லை. சாகப் பண்ணுறதெண்டால் வடிவாச் சாகப் பண்ணு!"

ரயிலில் கத்தரின் அழுதது எனக்கு நினைவுக்கு வந்தது. யாரோ ஒருத்தியின் அம்மாவுக்காக ஒருவரும் அப்படி அழுவதில்லை என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இது நல்ல கதை என்றுதான் தோன்றியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8.

மறுநாள் கத்தரினுக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முறை கேட்டேன். "போடலாமா?"

அவள் பதில் சொன்னாள். [                    ]

அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும். மலர் உங்கள் கையில் இருக்கிறது, பின்னட்டையில் வரதராஜா ஸ்டோர்ஸ் இருக்கிறது, நீங்கள் கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள். அதற்காக அவள் ஓம் என்று சொன்னாள் என்று நினைத்துவிட வேண்டாம்.