ராணியைக் கொல்லக் கூடாது

அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போதே மியோங்ஜு கைபேசியில் தம்பி இன்ஹோவின் நாவலைத் திறந்தாள். அவன் செத்துப்போய் இன்றோடு ஒரு வருஷம். சாயங்காலம் படையல். அவன் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், அதற்குள் படித்துவிடுவது என்று வைராக்கியமாக உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டபோது, இவளுடையது பொருந்தியது. தருகிறேன் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் தேதியும் குறித்த பிறகு, "என்னால முடியலடா, பயமா இருக்கு" என்று பின்வாங்கிவிட்டாள். அவன் "சரிக்கா" என்றான். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டாததையெல்லாம் புனைபெயரில் வாராவாரம் இணையத்தில் எழுதிய அந்த மாயாஜாலத் தொடரில் கொட்டியிருப்பான் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

முதலில் பறக்கும் மலை வந்தது, பல் விழுந்த டிராகன் வந்தது. அப்புறம் ஒரு கொடுங்கோல் ராணி வந்தாள். இடது கன்னத்தில் மச்சம், தூங்கும்போது குறட்டை. அச்சு அசல் இவளேதான். மியோங்ஜு கைபேசியை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

ராணி செய்த கொடுமைகள் பக்கம் பக்கமாக இருந்தன. கதாநாயகனான வீரன் கொதிக்க வைத்த நூடுல்ஸில் முட்டையை மட்டும் திருடித் தின்றாள். பனிக்காலத்தில் அவன் போர்வையை உருவிக்கொண்டாள். சீட்டாட்டத்தில் கள்ளம் பண்ணி, பிடிபட்டால் ஊரைக் கூட்டி அழுதாள். எவ்வளவு தேடியும் வேறு குற்றம் எதுவும் இல்லை.

"அடப்பாவி, ஒரு முட்டைக்காடா இம்புட்டு கோபம்?"

"யாருகிட்டடி பேசற?" என்றாள் அம்மா.

"உன் மவன்கிட்டதான். அவன் முட்டைய நான் தின்னேனாம். ஊருக்கே எழுதி வச்சிருக்கான்."

"தின்னதானே. நான்தான் பூனை மேல பழியப் போட்டேன்."

வீரன் ராணியைப் பிடிக்கிற அத்தியாயத்தின் தேதியைப் பார்த்ததும் மியோங்ஜுவின் கை நின்றது. இவள் மறுத்த அதே வாரம். பிடித்த வீரன், அவளைப் பாத்திரம் கழுவச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறான். வாசகர்கள் கீழே கொதித்துப் போயிருந்தார்கள். 'தொண்டையில சர்க்கரைவள்ளிக் கிழங்கு அடைச்ச மாதிரி இருக்கு, அவளக் கொன்னு தொலைங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு இன்ஹோவின் பதில்: 'அவளக் கொல்லக் கூடாது. நூறு வயசு இருக்கட்டும். அவ இல்லன்னா நான் யாரோட சண்டை போடறது?'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மூச்சு முழுசாக உள்ளே போனது. அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் படத்துக்கு முன் எல்லாம் பரப்பி, சோற்றில் கரண்டியை நட்டு வைத்துவிட்டு, இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்பது வழக்கம். திரும்ப உள்ளே போகும்முன், வருகிறோம் என்று தெரிய மூன்று தடவை செருமவும் வேண்டும்.

மியோங்ஜு செருமவில்லை. கதவில் வாயை வைத்து, "டேய், மீன் முழுசையும் முழுங்கிடாத. நடுத்துண்டு எனக்கு" என்றாள்.

அம்மா அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். பிறகு தானே செருமப் பார்த்தாள். செருமல் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கதவைத் திறக்காமல் அப்படியே நின்றாள்.