மஜீடின் மூக்குக்கண்ணாடி

ஹபீலா புருஷனின் இறப்புக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து மூன்று நாளாகிறது. வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மௌத்தான புருஷன் மஜீடின் தம்பி புவாத்தான். காரியம் வீட்டோடு முடிந்ததில் சொந்தக்காரர்களுக்குப் பெரிய திருப்தி. அவளிடமும் கேட்டார்கள், தலையாட்டினாள். சோறு போடவா என்று கேட்டிருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பாள். இத்தனை நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று மாமி அவள் காதுபடவே சொன்னாள். இருக்கலாம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனைக் கண்ணாடிக் கடைக்கு அவளை அனுப்பியதும் மாமிதான். புவாத்துக்கும் தூரப்பார்வை மங்கல். யுத்தத்தில் கப்பல் வராமல் புது பிரேம் கிடைக்கவில்லை. மஜீடின் கண்ணாடி சும்மாதானே கிடக்கிறது, சரிவருமா என்று கேட்டு வா என்றாள். துணைக்கு வந்த மாமியின் மகள், மஜீடின் தங்கை றலியா ரிக்‌ஷாவை விட்டு இறங்கவில்லை.

கடைக்காரர் சத்தியநாராயணன் மஜீடின் கண்ணைச் சோதித்து எழுதிய பழைய அட்டையைத் தேடி எடுத்தார்.

"மைனஸ் நாலு. தூரத்துல இருக்கிறது ஒண்ணும் தெரியாது அவருக்கு."

வில்லைப் பெட்டியிலிருந்து பிளஸ் நாலை எடுத்து ஹபீலா கொண்டுவந்த கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். எதிர்ச் சுவரில் சிலுவை மாதிரி ஒரு கோடு. அதை வில்லைகளூடாகப் பார்த்தபடி கையைப் பக்கவாட்டில் அசைத்தார்.

"ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டினா கோடு அசையாம நிக்கும்மா."

கோடு நிற்கவில்லை. கை போன பக்கத்துக்கு எதிரே ஓடியது. துடைத்துப் பார்த்தார். கண்ணாடியை மட்டும் தனியாகப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் எதிரேதான் ஓடியது.

"இது வயசானவங்க வாசிக்கிற கண்ணாடி. பிரேம் நம்ம கடையுதுதான். துறைமுகத்து கிளார்க்மார் பாதிப் பேருக்கு இதே பிரேம்தான் போட்டுக் குடுத்தேன். ஆனா மஜீடோடது இல்லம்மா."

மஜீட் வேலை பார்த்த துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று, இடிந்த சரக்குக் கிட்டங்கிக்குள்ளிருந்து எடுத்த மய்யித்துக்கு முகம் இருக்கவில்லை. சட்டைப்பையில் உறையோடு இருந்த கண்ணாடியை ஹபீலா இருந்த திரைக்குள் நீட்டினார்கள். அஸர் தொழுகைக்கு முன் அடக்கவேண்டும், சுறுக்காகச் சொல்லுங்கள் என்று ஆண்கள் பறந்தார்கள். பிரேமைப் பார்த்து ஓம் என்றாள். கண்ணில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். கல்யாணமான புதிதில் விளையாட்டுக்கு அவனுடையதைப் போட்டுப் பார்த்தவள்தான். வீடு வாசலெல்லாம் சின்னதாகிவிடும், அவன் சிரிப்பான்.

இப்போது போட்டுப் பார்த்தாள். கடைக்காரர் கையிலிருந்த அட்டையில் மஜீடின் பெயர் பெரிதாகத் தெரிந்தது.

ரிக்‌ஷாவில் றலியா கேட்டாள்.

"புவாத் நானாவுக்குச் சரிவருமாமா, மதினி?"

"வெள்ளிக்கிழமை ஒண்டும் நடக்காது, றலியா. நாங்க அடக்கினது உன்ட மஜீட் நானாவ இல்ல. நான் சரியாப் பார்க்காம ஓம் எண்டுட்டேன்."

றலியா முழுவதுமாக அவள் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நானா எங்க?"

ஹபீலாவுக்குத் தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடந்தானோ, எந்த இடிபாட்டுக்குள் இருந்தானோ. வாய் கோணி, சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் அவனை ஒருவரும் தேடவில்லை.