பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட்

"டீச்சர், இன்னிக்கு மட்டும் என் பீரியட்ட எனக்கே குடுத்துருங்க" என்று பி.டி. மாஸ்டர் கேட்டதும், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் சிரித்துவிட்டார்.

சிரிக்கிற மாதிரிதான் இருந்தது அவர் கேட்டது. பத்தாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் உண்டு, சுவரில் ஒட்டிய அட்டவணையில். பரீட்சை வருகிறதென்று ஒன்றைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார், இன்னொன்றை அறிவியல் சார். பரீட்சை போன பிறகும் அவை திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க இதே கதை. மாஸ்டருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அதனால் எல்லோருக்கும் அவர் தங்கமான மனுஷன். தங்கமான மனுஷன் காலை ஜெபத்துக்கு மைக் கட்டினார், வரிசையைச் சரி பண்ணினார், மிச்ச நேரம் தண்ணீர்க் குழாய்க்குக் காவல் நின்றார்.

நேற்று தலைமையாசிரியர் ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார். ஃபாதர் கெட்டவர் இல்லை, உட்காரவைத்துத்தான் சொன்னார். "கிரவுண்டுல ஒரு புள்ளகூட இல்லியே, பி.டி.க்கு எதுக்கு ஒரு ஆளுன்னு தாளாளர் கேக்குறார். நாளைக்கு மத்தியானம் வர்றார். புள்ளைங்க ஓடி ஆடுறத அவர் கண்ணால பாக்கணும். பாத்தார்னா நான் பேசிப் பாக்குறேன். இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

நாற்பத்தெட்டு வயதில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பது? மாஸ்டர் வீட்டில் மூச்சு விடவில்லை. ஏன் சாப்பாட்டை அளைந்துகொண்டிருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, பசியில்லை என்றார். பக்கத்து அறையில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அதே பத்தாம் வகுப்புதான். இதைச் சொல்லி அவள் படிப்பைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

"நாளைக்கு டெஸ்ட், இன்னிக்கு ரிவிஷன் வச்சிருக்கேன் சார்" என்றார் கணக்கு டீச்சர். பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "சரி, கூட்டிட்டுப் போங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்."

விடியற்காலையிலேயே வந்து சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். மத்தியானம் வகுப்பு மைதானத்துக்கு வந்தது, கையில் புத்தகத்தோடு. மாடி வராந்தாவில் தாளாளரும் ஃபாதரும் வந்து நின்றார்கள். மாஸ்டர் விசில் ஊதினார். யாரும் அசையவில்லை. விசிலுக்கு என்ன செய்யவேண்டும் என்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்தது. ஒருத்தி வெயிலுக்குப் புத்தகத்தைத் தலையில் பிடித்துக்கொண்டாள்.

"சார், நிழல்ல உக்காந்து படிக்கட்டுமா?" கேட்டது மகள்தான். பள்ளிக்கூடத்தில் அவள் அப்பா என்று கூப்பிடுவதில்லை.

அவர் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நேரம் ஓடும்மா. நீ ஓடுனா எல்லாரும் ஓடுவாங்க. அப்பாவுக்காக."

அவள் கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்தாள். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். இருந்தாலும் ஓடினாள். பாதி மைதானம் தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கியபடி திரும்பி நடந்து வந்தாள். "முடியல சார்." இவ்வளவு சின்ன வயசில் இவளுக்கு மூச்சு வாங்குகிறதே என்று ஒரு கணம் வேலையையே மறந்துபோனார் மாஸ்டர். அதற்குள் அவள் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மாடியில் தாளாளர் என்னமோ கேட்டார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாஸ்டர் கால்பந்தை எடுத்து அவர்கள் பக்கம் உதைத்தார். "யாராவது ஒருத்தர் திருப்பி அடிங்கப்பா" என்றார். பந்து உருண்டு போனது. பிள்ளைகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கி அதற்கு வழி விட்டார்கள். மகளும் தூக்கினாள்.