மயில்துத்தம் வெளுத்த காலை

என் ஓரகத்திக்கு எதைத் தொட்டாலும் துலங்கும். நான்கு வருடத்துக்கு முன் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து மாமியாரின் கொஞ்சல் அவளுக்கு, அடுப்படி எனக்கு. பொறுத்துக்கொண்டேன். போன வருடம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கே வேதியியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பை எங்களில் யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்ய, தலைமையாசிரியர் ஆளுக்கொரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார். பதினாறு வருடமாக என் கையில் இருந்த வகுப்பு! வயிறு எரியாதா?

என் முறை முதல் நாள். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

அவள் எடுத்துக்கொண்ட பாடம், இடைநிலை உலோகங்களின் உப்புகளுக்கு நிறம் எப்படி வருகிறது என்பது. செம்பின் உப்பான நீல மயில்துத்தமும் வெள்ளைத் துத்தநாக உப்பும் கேட்டிருந்தாள். ஆய்வகச் சாவி என்னிடம். மறுநாள், அவள் முறை வந்த காலையில், மயில்துத்தத்தைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, அதிலுள்ள தண்ணீரெல்லாம் போகும்வரை சூடேற்றினேன். வெளுத்துவிட்டது. அதைக் குப்பியில் அடைத்து, இரண்டு குப்பியையும் ஒரு தட்டில் அடுக்கி, துணியால் மூடி வகுப்பில் வைத்தேன். அயோக்கியத்தனம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

"செம்பு அயனியோட டி மட்டத்துல ஒன்பது எலக்ட்ரான்," என்று ஆரம்பித்தாள். "பத்துப் பேர் பெஞ்சுல ஒரு இடம் காலி. வெளிச்சத்துல இருக்கற சிவப்பை வாங்கிக்கிட்டு ஒருத்தன் அங்க தாவுவான். மிச்சம் நமக்கு நீலம். துத்தநாகத்துல பத்தும் நிரம்பிடுச்சு. தாவ இடமில்ல, அதான் வெள்ளை."

துணியை எடுத்தாள். இரண்டு குப்பியும் வெள்ளை. தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

ஒரு நொடி திகைத்தவள், சிரித்துவிட்டாள். "அட! அதே ஒன்பதுதான், காலியிடமும் இருக்கு. நிறம் எங்க போச்சு?" மயில்துத்தக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். குப்பென்று நீலம். "தண்ணி பக்கத்துல வந்து ஒட்டினாதான் பெஞ்சு மேல, கீழன்னு சரியான அளவுல பிரியும். அப்பதான் சிவப்பை வாங்கித் தாவ முடியும்!"

வகுப்பே கை தட்டியது. பன்னிரண்டாம் வகுப்பு அவளுக்குப் போயிற்று. பதினாறு வருடத்தில் எனக்கு இப்படி நடத்தத் தோன்றவேயில்லை, சே!

ஆசிரியர் அறையில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்காகக் காலையிலயே சூடேத்தி வச்சீங்களா? உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். சார்கிட்டயும் சொல்லிட்டேன், இது எங்கக்கா யோசனைன்னு." அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்மா, உனக்காகத்தான்," என்றேன். பாவி, என் பொறாமையைக்கூட எனக்கென்று விட்டு வைக்கவில்லை.